கறுப்பில் ஆடுபவளுக்கு மூன்று புத்தகங்கள்

காட்டூர், திருச்சி
3 ஜூன் 2025

கோதா,

இது சமாதானக் கடிதம் இல்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதி படித்துவிட்டு நீ நெகிழ்ந்துபோகக் கூடாது.

ஆகஸ்ட் இரண்டாம் வாரம் திண்டுக்கல்லில் மாநில மகளிர் செஸ் போட்டி. முதல் மூன்று இடத்துக்குள் வந்தால் ரயில்வே விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். வயது வரம்புப்படி எனக்கு இதுதான் கடைசி வருஷம். வெள்ளைக்கு என்னிடம் ஆட்டம் இருக்கிறது. கறுப்புக்கு ஒன்றுமில்லை. இருந்ததைப் போன வருஷம் ஏப்ரலில் சேலத்தில் தொலைத்துவிட்டேன்.

நீ மறந்திருக்க மாட்டாய். ஆனாலும் ஒருமுறை எழுதிப் பார்க்கிறேன். கடைசிச் சுற்று, எதிரே அஃப்ஷீன். பதினான்காவது நகர்வாகக் குதிரையை h5 கட்டத்தில் வைத்தேன். நீ படித்துக் குறி போட்டுக் கொடுத்த புத்தகத்தில் அந்த நகர்வுக்குப் பக்கத்தில் உன் பென்சில் ஆச்சரியக்குறியை முன்னாலும் கேள்விக்குறியைப் பின்னாலும் போட்டிருந்தது. ஆடிப் பார்க்கலாம் என்று அர்த்தம். அதே நகர்வுக்கு, செஸ் மாத இதழில் அந்தப் புத்தகத்தைப் பற்றி நீ எழுதிய விமர்சனத்தில் கேள்விக்குறி முன்னால் இருந்தது. சந்தேகமானது, தொடாதே என்று அர்த்தம். அஃப்ஷீன் விமர்சனத்தைப் படித்திருந்தாள். நான் உன் பென்சிலைப் படித்திருந்தேன். அவள் g சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினாள். என் குதிரைக்குத் திரும்பிப் போக இடமில்லை. நான்காவது இடம்.

கறுப்புக்கான புத்தகங்கள் மூன்றைத் தனிப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். படித்துப் பார்த்து, எதை நம்பிப் பத்து வாரம் உழைக்கலாம் என்று எழுது. திருச்சியில் தொடக்க நகர்வுகளுக்கான ஓப்பனிங் புத்தகத்தை அட்டையைப் பார்க்காமல் படிக்கிறவள் நீ ஒருத்திதான். உன்னை நான் நம்பவில்லை. உன் கண்ணை நம்புகிறேன். இரண்டும் வேறு வேறு.

ஃபோனில் உன் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறேன். அது அப்படியே இருக்கும். தபாலில் எழுது.

ஜெஸ்லின்

*

கீழச் சித்திரை வீதி, ஸ்ரீரங்கம்
8 ஜூன் 2025

ஜெஸ்லின்,

பார்சல் வியாழக்கிழமை வந்தது. தபால்காரர் கொடுத்ததை அம்மா வாங்கி, எடை பார்த்து, "யாருடி இத்தனை கனமா அனுப்பிச்சிருக்கா?" என்று கேட்டாள். வேலை விஷயம் என்றேன்.

முதலில் தடியான புத்தகத்தைப் படித்தேன். சிசிலியன் தற்காப்பு, நானூற்றுப் பன்னிரண்டு பக்கம். ஆசிரியருக்கு நிறையத் தெரியும். அதை நாம் மறக்கவும் அவர் விடுவதில்லை. உதாரணத்துக்கு நாற்பத்தாறு ஆட்டங்கள் தந்திருக்கிறார். உட்கார்ந்து எண்ணினேன். முப்பத்தொன்பதில் கறுப்பு ஜெயிக்கிறது, ஏழு டிரா. கறுப்பு தோற்ற ஆட்டம் ஒன்றுகூட இல்லை. இப்படி ஒரு தற்காப்பு உலகத்தில் இருந்தால் யாருமே வெள்ளையில் உட்கார மாட்டார்கள்.

இன்னொன்று. நம் ஊர்ப் போட்டிகளில் சிசிலியனைக் கண்டதும் பாதிப் பேர் மூன்றாம் வரிசைக்கு c சிப்பாயை ஒரு கட்டம் நகர்த்தி ஒதுங்கிவிடுவார்கள். நீயே எத்தனை முறை அலுத்துக்கொண்டிருக்கிறாய். அதற்கு இந்தப் புத்தகம் ஒதுக்கியிருப்பது நான்கு பக்கம். யாரும் வராத வாசலுக்கு இருநூறு பக்கம் காவல் போட்டிருக்கிறது. இது வேண்டாம்.

மற்ற இரண்டையும் படிக்க இன்னும் பத்து நாள் கொடு. இப்போது எட்டாம் வகுப்பு அறிவியல் பாடநூலுக்கு மெய்ப்புத் திருத்திக்கொண்டிருக்கிறேன். பகலெல்லாம் தவளையின் செரிமான மண்டலம்.

சேலம் பற்றி நீ எழுதியதைப் படித்தேன். எழுத ஆரம்பித்தால் தப்பாக எழுதிவிடுவேன் என்று பயமாக இருக்கிறது. நன்றாக இருக்கிறாயா என்று கேட்கலாமா?

கோதா

*

காட்டூர்
15 ஜூன் 2025

கோதா,

கேட்கலாம். பதில் சொல்ல வேண்டுமா என்பது என் இஷ்டம்.

காலையில் ஒரு ஸ்கூலில் செஸ் வகுப்பு எடுக்கிறேன். நாற்பது பிள்ளைகள், ஒன்பது போர்டு. மத்தியானம் வீட்டுக்கு வந்து எனக்கு எதிராக நானே ஆடுகிறேன். வெள்ளை ஆடும்போது கறுப்பின் திட்டம் தெரிகிறது, கறுப்பு ஆடும்போது வெள்ளையின் திட்டம் தெரிகிறது. யாரையும் ஏமாற்ற முடிவதில்லை. அப்பா பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டே கேட்பார், "யாரும்மா ஜெயிக்கிறது?" என்று. நேற்று, "அந்த ஸ்ரீரங்கத்துப் பொண்ணு கூட என்னம்மா சண்டை? ஒரு வருஷமா மூஞ்சியத் தூக்கி வச்சுகிட்டு இருக்க. போய்ப் பாத்துட்டு வாயேன்" என்றார். அவருக்கு விவரம் தெரியாது. நான்தான் சரியாக ஆடவில்லை என்று சொல்லியிருக்கிறேன்.

அஃப்ஷீனைப் போன மாதம் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, தப்பா நெனச்சுக்காதீங்க. அந்த g4 நான் கண்டுபிடிச்சதில்ல. கோதாக்கா இதழ்ல எழுதியிருந்தாங்க. நீங்களும் அவங்களும் ஒண்ணாதானே படிப்பீங்க, உங்களுக்குத் தெரியாம இருக்காது, வேற ஏதோ பெரிய திட்டம் வச்சிருக்கீங்கன்னு நெனச்சு பயந்துட்டே ஆடினேன்" என்றாள். பயந்துகொண்டே ஜெயித்திருக்கிறாள். அவள்மேல் எனக்குக் கோபமே வரவில்லை.

உண்மையை விமர்சனத்தில் எழுதியதற்காகவும் உன்மேல் கோபமில்லை. புத்தகத்தில் ஓட்டை இருந்தால் நீ எழுதத்தான் வேண்டும். ஆனால் ஓரத்தில் வார்த்தையே எழுதக் கூடாது, குறி மட்டும் போடலாம் என்று ஒப்பந்தம் போட்டது நாம் இருவரும். வார்த்தை எழுதினால் வாதாடத் தோன்றும் என்று நீதான் சொன்னாய். மூன்று வருஷம், உன் குறி இருந்த இடத்தை நான் கம்ப்யூட்டரில் சரிபார்த்ததே இல்லை. விமர்சனத்தையும் படிக்கவில்லை. கையில் உன் பென்சிலே இருக்கும்போது அச்சு எதற்கு?

நீ மெய்ப்புத் திருத்துகிறவள் கோதா. ஒரு காற்புள்ளி இடம் மாறினால் பஸ்ஸில் போகும்போதுகூட விளம்பரப் பலகையைப் பார்த்து முணுமுணுப்பவள். அந்தக் குறி எப்படித் திரும்பியது? இதற்குப் பதில் சொல். பிறகு புத்தகத்தைப் பற்றி எழுது.

ஜெஸ்லின்

*

ஸ்ரீரங்கம்
22 ஜூன் 2025

ஜெஸ்லின்,

கை தவறிவிட்டது. அன்று மத்தியானம் மட்டும் நாற்பது பக்கத்துக்குக் குறி போட்டேன். அதில் ஒன்று திரும்பிவிட்டது. வேண்டுமென்று செய்யவில்லை. சேலத்திலிருந்து நீ ஃபோனில் கத்தியபோதே இதைச் சொல்லியிருக்க வேண்டும். நான் பேசாமல் இருந்தது தப்பு.

மற்ற இரண்டு புத்தகங்கள்:

பிரெஞ்ச் டிஃபென்ஸ் புத்தகம் எழுத்தில் அழகானது. கறுப்பின் c8 மந்திரி தன் சிப்பாய்களுக்குப் பின்னாலேயே சிறைப்பட்டுக் கிடக்கும், அதுதான் இந்த ஆட்டத்தின் விலை என்று ஒரு முழு அத்தியாயம் மறைக்காமல் சொல்கிறார். நான் இரண்டு முறை படித்தேன். ஆனால் கறுப்புக்கான புத்தகத்தில் படங்கள் எல்லாம் வெள்ளையின் பக்கத்திலிருந்து அச்சாகியிருக்கின்றன. ஒவ்வொன்றையும் மனதுக்குள் திருப்பித்தான் பார்க்க வேண்டும். தவிர, வெள்ளை மூன்றாம் நகர்விலேயே சிப்பாயை மாற்றிக்கொண்டால் 'சமநிலை' என்று ஒரு வரி எழுதிவிட்டு ஆசிரியர் போய்விடுகிறார். சமநிலை அவருக்குப் போதும். கடைசிச் சுற்றுகளில் உனக்குப் போதாது.

மூன்றாவது காரோ-கான். மெலிந்த புத்தகம். தாள் மட்டம், 88, 89ஆம் பக்கங்கள் இடம் மாறியிருக்கின்றன, ஆசிரியரின் பெயரை நான் கேள்விப்பட்டதில்லை. ஆனால் இதில் கறுப்பு தோற்ற ஆட்டங்கள் பதினொன்று இருக்கின்றன. அத்தனையும் அவரே தோற்றவை. எந்த நகர்வில் பயந்தார், எந்த நகர்வில் அவசரப்பட்டார் என்று சொல்கிறார். ஒரு இடத்தில், 'இங்கே நான் அரைமணி நேரம் யோசித்தது ஆட்டத்தைப் பற்றி அல்ல' என்று எழுதிவிட்டு மேலே விளக்காமல் விட்டுவிடுகிறார்.

இதை எடு. வெள்ளை e சிப்பாயை முன்னே தள்ளினால் மந்திரியை f5-க்குக் கொண்டு வா. பக்கம் 61. அங்கேயும் g4 வரும், பயப்படாதே. மந்திரிக்குப் பின்னால் g6 காலியாக இருக்கிறது.

எந்தப் பக்கத்திலும் நான் பென்சில் வைக்கவில்லை.

கோதா

*

காட்டூர்
4 ஜூலை 2025

கோதா,

சரி. கை தவறியது என்றால் தவறியதுதான். பத்து நாளாக இதை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன், நம்ப முடிகிறது. ஒரு வருஷம் உன்னை மனதுக்குள் கூண்டில் நிறுத்தி வைத்து எனக்கே கால் வலிக்கிறது.

மட்டத் தாள்காரர் நல்ல மனிதர். ஐந்தாவது தோல்வியில் 'இதை என் மனைவியிடம் டிரா என்று சொன்னேன்' என்று எழுதியிருக்கிறாரே, கவனித்தாயா? சத்தமாகச் சிரித்துவிட்டேன். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "அப்பாடா, பல்லு தெரியுது" என்றாள்.

தினம் ஆறு மணி நேரம் உட்காருகிறேன். மந்திரி f5-க்கு வருவது பிடித்திருக்கிறது. வெளியே வந்துவிட்ட ஒருவனைப்போல நிற்கிறது.

கிடைத்தால் ஹூப்ளி பக்கம் போடுவார்கள் என்கிறார்கள். கன்னடத்தில் எனக்கு 'பேடா' மட்டும்தான் தெரியும், அதுவும் தின்பதா வேண்டாம் என்பதா என்று சந்தேகம். நீ லீவு போட்டு வந்து ஒரு வாரம் இருக்கலாம். லீவு எதற்கு, உன் தவளையைப் பையில் போட்டுக்கொண்டு வந்தால் போதும்.

போட்டி முடிந்ததும் ஃபோன் விஷயத்தைப் பார்க்கிறேன்.

ஜெஸ்

*

ஸ்ரீரங்கம்
10 ஜூலை 2025

ஜெஸ்,

நீ இப்படிக் கையெழுத்துப் போட்டுப் பதினைந்து மாதம் ஆகிறது. அதைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

போன கடிதத்தில் நான் சொன்னது பாதி. குறி திரும்பியது கை தவறித்தான். ஆனால் நான் அதைப் பார்த்தேன்.

அன்று புத்தகத்தை உன்னிடம் கொடுக்கச் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் காத்திருந்தேன். சும்மா புரட்டிக்கொண்டிருந்தபோது அந்தப் பக்கம் கண்ணில் பட்டது. தவறு உடனே தெரிந்தது, எனக்கு எப்போதும் தெரிவதுபோல. பையில் அழிப்பான் இருந்தது. எடுக்கக் கையை உள்ளே விட்டேன். அப்போது நீ வந்தாய்.

"தள்ளி உக்காருடி மகாராணி" என்று இடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். ரயில்வே விளம்பரம் வந்துவிட்டது, மூன்றாவது இடம் போதும் என்றாய். "போனா போனதுதான், திரும்பிப் பாக்க மாட்டேன். இந்த ஊர்ல எனக்குன்னு என்னடி இருக்கு?" என்றாய். சந்தோஷத்தில் சொன்னது. நான் இருப்பது உனக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

நான் கையை வெளியே எடுத்தேன். புத்தகத்தை மூடிக் கொடுத்தேன். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அந்த நகர்வு வரிசை ஆட்டத்தில் வரவே வராது என்றும் நினைத்தேன். சேலத்துக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. ஒன்பது நாளும் தினம் பேசினோம், ஒன்பது நாளும் நான் சொல்லவில்லை. கடைசி நாள் நீ பஸ் ஏறும்போது, 'எல்லாம் நல்லபடியா நடக்கும்' என்று குறுஞ்செய்தி அனுப்பினேன். அதை அனுப்பிவிட்டு வெகுநேரம் ஃபோனைக் கவிழ்த்து வைத்திருந்தேன்.

நீ தோற்க வேண்டும் என்று நான் நினைத்ததில்லை. நீ போகாமல் இருக்க வேண்டும் என்று நினைத்தேன். உனக்கு அது இரண்டும் ஒன்றுதான்.

போட்டிக்கு ஐந்து வாரம் இருக்கும்போது இதைச் சொல்வது இன்னொரு துரோகமா என்று தெரியவில்லை. இப்போது சொல்லாவிட்டால் நீ ஜெயித்த பிறகு சொல்ல மாட்டேன், தோற்றால் சொல்லவே முடியாது. காரோ-கான் பற்றி எழுதியதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. ஆனால் என் வார்த்தையை எடுத்துக்கொள்ளாதே. ஒவ்வொரு வரியையும் கம்ப்யூட்டரில் சரிபார். தெரிந்த வேறு யாரிடமாவது காட்டு.

கோதா

*

ஸ்ரீரங்கம்
3 அக்டோபர் 2025

ஜெஸ்லின்,

போட்டி முடிந்து ஏழு வாரம் ஆகிறது. முடிவு இணையத்தில் இருக்கும். நான் பார்க்கவில்லை. நீ சொன்னால் தெரிந்துகொள்கிறேன். சொல்லாவிட்டாலும் சரி.

இதற்குப் பதில் தேவையில்லை.

கோதா

*

காட்டூர்
17 ஜனவரி 2026

கோதா,

மூன்றாவது இடம். தகுதித் தேர்வும் முடிந்தது, ஆர்டர் பொங்கலுக்கு முந்தின நாள் வந்தது. ஹூப்ளி. புதன்கிழமை சாயங்கால ரயில். ஸ்டேஷனுக்கு வராதே. இதைக் கோபத்தில் எழுதவில்லை. நீ வந்தால் நான் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியவில்லை, அம்மா அப்பா முன்னால் அதைத் தெரிந்துகொள்ள விருப்பமில்லை.

ஜூலையில் உன் கடிதம் வந்த அன்று புத்தகத்தைத் தூக்கிப் பரண்மேல் போட்டேன். மூன்று நாள் போர்டைத் தொடவில்லை. பிறகு எடுத்து, நீ சொன்னபடியே, ஒவ்வொரு வரியையும் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தேன். தயாராவதற்கு இல்லை. நீ எங்கேயாவது பொய் சொல்லியிருக்கிறாயா என்று தேடினேன். கிடைத்தால் நிம்மதியாக இருக்கும், ஒரே அடியாக வெறுத்துவிடலாம். கிடைக்கவில்லை. தேடித் தேடியே புத்தகம் மனப்பாடம் ஆகிவிட்டது.

திண்டுக்கல்லில் கறுப்பில் நான்கு ஆட்டம். இரண்டு ஜெயம், இரண்டு டிரா. எல்லாம் காரோ-கான். ஒவ்வொரு முறை c சிப்பாயைத் தொடும்போதும் உன் ஞாபகம் வந்தது. நல்லவிதமாகவும் இல்லை, கெட்டவிதமாகவும் இல்லை. கூட்டத்தில் தெரிந்த முகம் தென்படுமே, அப்படி.

இந்த முறை என்னை எதற்காகப் போகவிட்டாய் என்று யோசித்தேன். ஒரே வார்த்தை தவறாக எழுதியிருந்தால் நான் இன்னும் காட்டூரில்தான் இருந்திருப்பேன். நீ எழுதவில்லை. அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளத்தான் வேண்டும். எடுத்துக்கொண்ட பிறகும் மன்னித்துவிட்டேன் என்று எழுதக் கை வரவில்லை. பொய்யாக எழுத வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

'எனக்குன்னு என்ன இருக்கு' என்று கேட்டது நினைவிருக்கிறது. அதற்கு நீ அப்போதே, "நான் இருக்கேன்டி எருமை" என்று ஒரு அடி வைத்திருக்கலாம். மூன்று வருஷத்தில் நீ என்னிடம் பேசியதெல்லாம் புத்தகத்தைப் பற்றி. அது நல்லாயிருக்கு, இது தேறாது, இதில் ஓட்டை. உனக்கு என்ன வேண்டும் என்று ஒருநாளும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

ஹூப்ளி விலாசம் பின்பக்கத்தில். ஃபோன் இப்போதைக்கு அப்படியே இருக்கட்டும். எழுத வேண்டுமென்றால் புத்தகம் இல்லாமல் ஒரு கடிதம் எழுது. எழுத வருகிறதா பார்ப்போம்.

ஜெஸ்லின்

*

ஸ்ரீரங்கம்
27 ஜனவரி 2026

ஜெஸ்லின்,

மூன்று முறை எழுதிக் கிழித்தேன். மூன்றிலும் இரண்டாம் பத்தியிலேயே எதையாவது எடைபோட ஆரம்பித்துவிட்டேன். கடைசியில் உன் கடிதத்தையே எடைபோட்டிருந்தேன். நன்றாக எழுதுகிறாய். இதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

புதன்கிழமை ஸ்டேஷனுக்கு வரவில்லை. மூன்று மணிக்குப் புடவை மாற்றிக்கொண்டு ஒன்றாம் நம்பர் பஸ் ஏறினேன். பாலத்தில் ஆறு பாதி மணலாகக் கிடந்தது. சத்திரத்தில் இறங்கி, பூக்கடைக்காரர்களுக்கு எதிரே நின்றேன். ஜங்ஷன் பஸ் நான்கு வந்தன. நான்கையும் விட்டேன். உன் ரயில் புறப்பட்டிருக்கும் என்று தெரிந்த பிறகு வந்த பஸ்ஸில் வீட்டுக்குத் திரும்பினேன். நீ கேட்டதை இந்த முறை அப்படியே செய்தேன் என்று உனக்குத் தெரிய வேண்டும்.

அம்மா கதவைத் திறந்து, "எங்கேடி போயிட்டு வரே, முகமே சரியில்லையே" என்றாள். ஜெஸ்லின் ஊருக்குப் போய்ட்டா என்றேன். "அந்தக் கிறிஸ்தவப் பொண்ணா? நன்னாப் பேசுமே. ஆத்துக்கு வந்தே ரொம்ப நாளாச்சே, ஏன் வரதே இல்லை?" என்றாள். உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அம்மாவுக்கு ஆட்டம் தெரியாது. குறி, குதிரை எதுவும் புரிந்திருக்காது. நான் செய்தது மட்டும் புரிந்தது. எழுந்து போய்ச் சாதத்தைக் கிண்ணத்தில் எடுத்து வந்தாள். பிறகு, "உனக்கு அவளை அவ்வளவு பிடிக்கும்னு எனக்கே தெரியாதேடி. அவளுக்கு எப்படித் தெரியும்?" என்றாள். சாதம் பிசைந்து கையில் கொடுத்தாள். சாப்பிட்டேன்.

காலையில் எழுந்திருக்கிறேன். வேலை பார்க்கிறேன். சாயங்காலம் வீதியில் ஒரு சுற்று நடந்துவிட்டு வருகிறேன். வெயிலில் காயப்போட்ட துணியை எடுத்து மடிக்கிறேன். மடித்துக்கொண்டே ஏதோ வேடிக்கையாகத் தோன்றுகிறது, யாரிடமாவது சொல்லலாம் என்று திரும்புகிறேன்.

எனக்கு என்ன வேண்டும் என்று கேட்டாய். நீ ஊரில் இருக்க வேண்டும். என் பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்கார வேண்டும். இனி அது நடக்காது என்று தெரிந்துதான் எழுதுகிறேன், நீ ஒன்றும் செய்ய வேண்டியதில்லை.

இங்கே பேச ஆளில்லை ஜெஸ். இதை உன்னிடம் சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் சொல்ல நீதான் இருக்கிறாய்.

கோதா